புளியங்குளம் சந்தியில்

ஏ-9 வீதியிலிருந்து நெடுங்கேணிப் பாதை பிரியும் இடம் புளியங்குளம். 1997இல் மாதக்கணக்காகச் சண்டை நடந்த மண். அந்தச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்ற தங்கை ஒருத்தி சுவிஸில் உள்ள கணவரிடம் போகிறாள்.

"அக்கா, வேலையில்லாத எனக்கு அங்க ஆர் மருந்து தருவினம்?"

நியாயமான கேள்விதான். இங்கே அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லாமல் மருந்தெடுத்துப் பழகியவர்கள் நாங்கள். சுவிஸில் வேலையில்லாவிட்டாலும் ஒவ்வொருவரும் தனித்தனியே மருத்துவக் காப்புறுதி எடுக்க வேண்டும். கணவரின் காப்புறுதி மனைவியைச் சேராது. போய் 3 மாதத்துக்குள் பதிந்தால் இறங்கிய நாளிலிருந்தே செல்லும். பிந்தினால் மேலதிகக் கட்டணம். பழைய வருத்தத்தைக் காட்டி அடிப்படைக் காப்புறுதியை மறுக்க முடியாது. உடம்பில் ஷெல் துண்டோடு போகிறவளுக்கு இது சின்ன விடயமல்ல. மாதக் கட்டணம் கடுமைதான். வருமானம் குறைந்தவர்களுக்கு மாநில அரசு உதவும். சில மாநிலங்களில் விண்ணப்பித்தால் மட்டும்.