கொஞ்ச நாள்தான் என்று சொன்னேன்

என் மகளைக் கல்வியாண்டின் நடுவில் பள்ளி மாற்றினேன். வேலையில் மாற்றல் வந்தால் வீடு மாறும், பள்ளியும் மாறத்தான் செய்யும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் மாற்றுகிறேன் என்பதையே அவளிடம் மறைத்துப் பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் வந்த வினையை அவளுடைய குறை என்று மற்றவர்கள் பேசியபோது வாய்மூடி இருந்தேன். இந்த இரண்டையும் ஒளிக்காமல் எழுதிவிட வேண்டும்.

மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு அங்கே சின்ன வகுப்புப் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பக் குழுவாகப் படித்தார்கள். பாட்டும் கதையுமாகப் பாடம் போகும். 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்ததிலிருந்து வீட்டில் இட்லி இருந்தாலும் தொடமாட்டாள். தோழிகளோடு வரிசையில் உட்கார்ந்து கிச்சடி சாப்பிட ஓடிவிடுவாள். பெயர் வெட்டிய எவர்சில்வர் தட்டைப் பள்ளியிலேயே வைத்திருந்தாள்.

ஒரு நவம்பரில் எனக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்தது. "நீங்க முன்னாடி போங்க. பரீட்சையெல்லாம் முடிஞ்சு பெரிய லீவுல நாங்க வர்றோம்" என்றாள் மனைவி. நான் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு வாடகை கட்டுவது சிரமம் என்று காரணம் சொன்னேன். தனியாக அறை எடுத்து, ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டு இருக்க எனக்கு மனமில்லை என்பதுதான் உண்மை.

மாற்றுச் சான்றிதழ் கேட்டால் தாமதிக்காமல் கொடுக்க வேண்டும் என்கிறது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். தலைமையாசிரியர் ஒரு நாள்கூட இழுத்தடிக்கவில்லை. மாணவர் விவரங்களைப் பதிந்து வைக்கும் எமிஸ் தளத்தில் அவளுடைய பெயரைப் பொதுத் தொகுப்புக்கு அனுப்பிவிட்டு, "பாப்பாகிட்ட சொல்லிட்டீங்களா சார்?" என்று கேட்டார். சொல்லிவிட்டேன் என்றேன். "நாளைக்கு அனுப்பி வைங்க. பிள்ளைங்ககிட்ட சொல்லிக்கிட்டுப் போகட்டும்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். மறுநாள் அவளை அனுப்பவில்லை.

அழுவாள் என்று பயந்தேன். பெட்டி கட்டுகிற அவசரத்தில் அந்த அழுகையைச் சமாளிக்க என்னிடம் பொறுமை இல்லை. "அப்பாவுக்குக் கோயம்புத்தூர்ல கொஞ்ச நாள் வேலை கண்ணு. போயிட்டு வந்துடலாம்" என்றேன்.

"டீச்சர்கிட்ட லீவ் லெட்டர் குடுத்துட்டியாப்பா?" என்று கேட்டாள்.

கொடுத்துவிட்டேன் என்றேன். பக்கத்தில் நின்ற மனைவி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

கோயம்புத்தூரில் ஒரு தனியார் சிபிஎஸ்இ பள்ளியில் இடம் கிடைத்தது. சேர்ப்பதற்கு முன்னால் எழுத்துத் தேர்வு வைத்தார்கள். பிள்ளைகளை அப்படித் தேர்வு வைத்துச் சேர்க்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு சொல்கிறது. தெரிந்தும் நான் கேட்கவில்லை. இந்த நேரத்தில் இடம் தருவதே பெரிது என்று பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன்.

பழைய பள்ளியில் பருவத்துக்கு ஒரு புத்தகம். இங்கே ஆண்டு முழுவதற்கும் ஒரே புத்தகம். பாதிக்கு மேல் முடித்திருந்தார்கள். இந்தியில் மற்ற பிள்ளைகள் சொற்களைக் கூட்டிப் படித்துக்கொண்டிருக்க, இவளுக்கு முதல் எழுத்தே தெரியாது. ஆங்கிலத்தைக் கூட்டெழுத்தில் எழுதச் சொன்னார்கள். இவளோ தனித்தனி எழுத்தாக எழுதிப் பழகியவள். கழித்தல் கணக்கை மனத்துக்குள் தமிழில் சரியாகப் போட்டுவிட்டு, மிஸ் ஆங்கிலத்தில் கேட்கும்போது விழிப்பாள். இதெல்லாம் நாளடைவில் சரியாகக் கூடியவைதான். எட்டு வயதுப் பிள்ளைகள் இதைவிடக் கடினமானவற்றையும் கற்றுக்கொள்வார்கள்.

ஆனால் அவள் கற்றுக்கொள்ள முயலவே இல்லை. யாரோடும் பேசுவதில்லை. நோட்டில் எழுதுவதில்லை. "பிள்ளை கொஞ்சம் ஸ்லோவா இருக்கா சார்" என்றார் வகுப்பு மிஸ். வீட்டுக்கு வந்து மகளைத் திட்டினேன். மாலையில் டியூஷன் போட்டேன். ஒருநாள் கோபத்தில் பென்சிலைப் பிடுங்கி எறிந்தேன். அவள் அதை எடுத்து, முனை உடைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு டப்பாவில் வைத்தாள்.

பிப்ரவரியில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் மிஸ் அவளுடைய கணக்கு நோட்டைக் காட்டினார். முன்பக்கங்கள் ஏறக்குறைய வெறுமையாக இருந்தன. பின்பக்கத்திலிருந்து திருப்பினால், பழைய பள்ளியின் இரண்டாம் பருவப் புத்தகத்தில் இருந்த கணக்குகளை வரிசையாகப் போட்டு வைத்திருந்தாள். ஊருக்குப் போனதும் டீச்சரிடம் காட்ட வேண்டும் அல்லவா! "ஏன் இங்க எழுத மாட்டேங்கிறேன்னு கேட்டேன் சார். நான் இங்க கொஞ்ச நாள்தான் மிஸ்னு சொல்றா. நீங்க ஊருக்கே திரும்பிப் போறீங்களா?" என்று கேட்டார்.

அந்த இடத்திலாவது நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "சின்னப் பிள்ளை, எதையாவது சொல்லுவா" என்றேன். என் மானத்தைக் காப்பாற்ற, உண்மை பேசிய குழந்தையைப் பொய் சொல்கிறவளாக்கினேன். நான் செய்தவற்றில் எனக்கு மன்னிக்கவே முடியாதது இதுதான். ஊரைவிட்டு வந்தபோது நடந்ததை அவசரம் என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

அன்று இரவு அவளிடம் சொன்னேன். நாம் திரும்பிப் போகப்போவதில்லை, அப்பா சொன்னது பொய், லீவ் லெட்டரும் கொடுக்கவில்லை என்றேன். நான் பயந்த அழுகை வரவில்லை. "அப்ப என் தட்டு?" என்று கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "நான் யார்கிட்டயும் சொல்லலையேப்பா. அவங்கல்லாம் என்னைத் தேடியிருப்பாங்கல்ல" என்றாள். அவளை யாரும் ஏமாற்றவில்லை என்பதுபோல, தான் அவர்களை ஏமாற்றிவிட்டதாக நினைத்துக் கலங்கினாள்.

மறுநாள் மிஸ்ஸிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "முதல் நாளே சொல்லியிருந்தா நான் வேற மாதிரி நடத்தியிருப்பேனே சார்" என்றார். அதன்பிறகு கணக்கைத் தமிழில் சொல்லிவிட்டு ஆங்கிலத்தில் சொல்ல விட்டார். அவள் நோட்டின் முன்பக்கத்தில் எழுதத் தொடங்கினாள். ஏப்ரலில் ஒரு வேலைநாளில் பழைய பள்ளிக்குக் கூட்டிப்போனேன். அவள் வகுப்புக்குள் ஓடிய பிறகு, தலைமையாசிரியரிடம் அன்று நான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டேன். "அரை நாள் போதுமா இருந்திருக்கும் சார்" என்று மட்டும் சொன்னார்.

மாற்றல் என்றால் வீட்டுக்காரருக்கும் பால்காரருக்கும் கேஸ் ஏஜென்சிக்கும் முன்கூட்டியே சொல்கிறோம். பிள்ளைக்கும் சொல்லுங்கள். ஏன் போகிறோம், எப்போது போகிறோம், திரும்பி வருவோமா மாட்டோமா என்று தெளிவாகச் சொல்லுங்கள். அழுதால் கூட இருங்கள். கடைசி நாள் பள்ளிக்கு அனுப்பி, எல்லோரிடமும் சொல்லிக்கொள்ள விடுங்கள். புதுப் பள்ளியில் மாற்றுச் சான்றிதழைக் கொடுக்கும்போதே, பிள்ளை எதை விட்டு வந்திருக்கிறாள் என்று வகுப்பாசிரியரிடம் சொல்லிவிடுங்கள்.

இப்போது அவளுக்குப் புதுப் பள்ளியில் தோழிகள் இருக்கிறார்கள். இந்தியும் ஓரளவு வருகிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வெளியே போகலாம் என்று நான் சொன்னால், "நிஜமாம்மா?" என்று அம்மாவிடம் ஒருமுறை கேட்டுக்கொள்கிறாள். அவள் அப்படிக் கேட்பது நியாயம். அவள் கேட்காமல் நம்புகிற காலம் வரும்வரை, சின்ன விஷயத்தில்கூடச் சொன்ன சொல் தவறாமல் நடப்பதுதான் நான் செய்ய வேண்டியது.