சோளகத்தை எதிர்த்து ஒரு சவாரி

கனடாவிலிருந்து வந்திருந்த எம் தமையனார் சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள் தமது கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். கல் பாவிய குறுகிய தெரு, இருமருங்கிலும் பழமையான கல்வீடுகள், நடுவே துவிச்சக்கர வண்டியைப் பற்றியபடி முகமெல்லாம் வெயிலேறி நிற்கும் ஓர் இளைஞன். அவன் தமையனாரின் மகன், எமக்குப் பெறாமகன். ஸ்பெயின் தேசத்தின் வடபகுதியிலே லியோன் என்னும் பழைய நகரிலிருந்து சந்தியாகோ வரையில் முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட வழியைச் சைக்கிளிலேயே கடந்திருக்கிறான்.

அவ்வழி மத்திய காலந்தொட்டு யாத்திரிகர் நடந்த வழி. சிப்பி அடையாளமும் மஞ்சள் அம்புக்குறியும் ஊர் ஊராக வழிகாட்டும். தங்கும் மடங்களிலும் கோயில்களிலும் ஒரு சிறு புத்தகத்தில் முத்திரை வாங்கிக்கொண்டே செல்லவேண்டும். நடந்து செல்வோர் குறைந்தது 100 கிலோமீற்றரும், சைக்கிளிற் செல்வோர் 200 கிலோமீற்றரும் கடந்தாலன்றி முடிவிற் சான்றிதழ் கிடையாது. ஓ செப்ரெய்ரோ என்னும் மலையேற்றத்தில் அரைவழி சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போனானாம் பையன்.

ஸ்பெயின் எங்கே, காரைநகர் எங்கே என்று வாசகர்கள் எண்ணக்கூடும். சந்தியாகோ என்பவர் வேறு யாருமல்லர். எம்மிடையே கத்தோலிக்க அன்பர்கள் யாகப்பர் என்றும் சந்தியோகுமையோர் என்றும் வழங்கும் அதே அடியார்தாம். போர்த்துக்கேயரின் கப்பல்களோடு அவர் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். தெல்லிப்பழைப் பேதுருப் புலவர் 17ஆம் நூற்றாண்டிலேயே அவர்மீது ஓர் அம்மானை பாடிவிட்டார். கிளாலியில் அவருக்குக் கோயில் உண்டு. எம் வீட்டிலிருந்து கடலைக் கடந்தால் ஊர்காவற்றுறையிலும் அவர் பெயரால் ஒரு பழைய கோயில் உண்டு.

படத்தை நெடுநேரம் பார்த்திருந்த தமையனார், "நாங்களும் ஒருகாலத்திலை உப்பிடி ஓடினனாங்கள்தானே தம்பி" என்றார். அவர் ஊருக்கு வந்து ஒன்பது நாளாகியும் எம்மோடு முகம் மலர்ந்து பேசிய முதல் வார்த்தை அதுதான்.

காரணத்தை மறைப்பானேன்? அவர் வந்தது வளவை விற்பதற்கு. தந்தையார் எமக்கும் அவருக்கும் பொதுவாக விட்டுச்சென்ற வீடும் கிணறும் பதினான்கு பரப்புக் காணியும் அது. 1991இல் ஊரோடு ஊராக நாம் பொன்னாலைப் பாலத்தைக் கடந்து வெளியேறியபோது பூட்டிய வீடு. திரும்பி வந்தபோது கூரையின்றி நின்ற வீடு. நாம் சிறிது சிறிதாக அதைத் திருத்தி அதிலேயே வாழ்கிறோம். அவருடைய நியாயத்திலும் பிழை சொல்வதற்கில்லை. அவருடைய பிள்ளைகள் இங்கு வந்து குடியிருக்கப் போவதில்லை; எம்முடைய பிள்ளைகளும் கொழும்பிலே. "உனக்குப் பிறகு ஆர் இருக்கப்போறது?" என்று அவர் கேட்ட கேள்விக்கு எம்மிடம் மறுமொழி இல்லை. மறுமொழி இல்லாத இடத்திலே கோபம் எழுவது இயல்பு. திங்கட்கிழமை நொத்தாரிசிடம் போவதென்று அவர் முடிவுசெய்துவிட்டார்.

படத்தைப் பார்த்தது வியாழக்கிழமை. சனிக்கிழமை விடியற்காலை இருவரும் நெடுந்தீவுக்குப் புறப்பட்டோம். எம்முடையது பழைய றலி. அவருக்கு அயல்வீட்டுப் பையனின் லுமாலா. முதல்நாள் இரவு அண்ணியார் தொலைபேசியில், "அவருக்கு நெஞ்சிலை ஒப்பரேசன் செய்தது உமக்குத் தெரியுந்தானே தம்பி" என்று இரண்டு தரம் சொன்னார். தெரியும் என்று நாமும் இரண்டு தரம் சொன்னோம்.

நெடுந்தீவைத் தெரிந்தமைக்குக் காரணம் உண்டு. தந்தையார் அங்கே பதினொரு வருடம் ஆசிரியராயிருந்தவர். வெள்ளிக்கிழமை மாலை லோஞ்சில் ஏறிக் குறிகட்டுவானில் இறங்கி, புங்குடுதீவு, வேலணை, ஊர்காவற்றுறை எனச் சைக்கிள் மிதித்து, கடலைக் கடந்து வீடு சேர இரவாகிவிடும். ஞாயிறு பிற்பகல் அதே வழியாகத் திரும்புவார். எம் இளம்பிராயத்தில் அவர் வார இறுதிக்கு மட்டும் வரும் ஒருவராகவே இருந்தார்.

காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே மக்களையும் வண்டிகளையும் ஏற்றிச்செல்லும் தட்டையான மிதவைக்கு எம்மவர் இட்ட பெயர் 'பாதை'. கடலில் மிதப்பதைப் பாதை என்று சொல்லும் ஊர் வேறெங்கும் உண்டோ அறியோம். பாதையில் நின்றபடி பார்த்தால் நீரின் நடுவே கடற்கோட்டை தெரியும். போர்த்துக்கேயர் கட்டியதை 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். இலங்கை பன்றித் தொடையின் வடிவினதென்றும், கோட்டை அதன் குதியில் இருக்கிறதென்றும் கண்டு ஹம்மன்ஹீல் எனப் பெயரிட்டனர். தம் ஊர்ப் பெயர்களை எம் தீவுகளுக்குச் சூட்டுவதிலும் அவர்களுக்கு விருப்பம் அதிகம். வேலணைத் தீவு லைடன்; புங்குடுதீவு மிடில்பேர்க்; நெடுந்தீவு டெல்வ்ற்; எம் காரைதீவு அம்ஸ்ரடாம். நெடுந்தீவின் பெயர் மட்டும் ஆங்கிலத்தில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காரைதீவோ 1920களில் காரைநகராயிற்று. ஒல்லாந்தர் எண்ணம் நிலைத்திருந்தால் நாமெல்லாம் அம்ஸ்ரடாம்வாசிகளாய்த் திரிந்திருப்போம்.

ஊர்காவற்றுறையில் ஒரு பிளேன்ரீ. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தோம். யாகப்பர் கோயிலின் முன் தமையனார் சைக்கிளை நிறுத்தி மகனுக்கு அனுப்புவதற்கு ஒரு படம் எடுத்தார். அதன்பின் வேலணை. பனங்கூடல்களுக்கிடையே ஆளில்லாத வீடுகள் இன்னும் நிற்கின்றன. சுவரிலே ஆல் முளைத்து, யன்னலால் கிளை நீட்டியிருந்த ஒரு வீட்டைக் கண்டு தமையனார், "பாத்தியோ?" என்றார். பார்த்தோம், ஒன்றும் சொல்லவில்லை.

எமது தீவுகளிலே மலையும் இல்லை, ஏற்றமும் இல்லை. ஆடி மாதத்துச் சோளகக் காற்றொன்றே போதும். தென்மேற்கே செல்பவனின் நெஞ்சிலே கைவைத்துத் தள்ளுவது போல அது வீசும். வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் வாணர் தாம்போதியில் ஏறியதும் இருபுறமும் கடல், ஒதுங்க ஒரு மரமும் இல்லை. எழுபதைக் கடந்த தமையனார் தலையைக் குனிந்துகொண்டு மிதித்தார். அவருடைய மூச்சு எமக்குக் கேட்டது. இறங்கி நடப்போம் என்றால் அவர் கேட்கமாட்டார் என்று எமக்குத் தெரியும். நல்லகாலம், பாதி வழியில் லுமாலாவின் பின்சில்லுக்குக் காற்றுப் போய்விட்டது!

வீதியோரத்தில் அமர்ந்து ரியூப்பைக் கழற்றி ஒட்டுப் போட்டோம். 1990களின் தடைக்காலத்தில் பெற்றோல் இன்றி யாழ்ப்பாணம் முழுவதும் சைக்கிளிலேயே ஓடியபோது கற்ற கை அது. விறகும் நெல்லும் நோயாளரும் கரியரிலேயே போயினர். இரவிலே சைக்கிளைக் கவிழ்த்துச் சில்லைச் சுற்றி, டைனமோவிலிருந்து வானொலிக்கு மின்சாரம் எடுத்துச் செய்தி கேட்டோம். 1980களிலேயே வெளியேறிவிட்ட தமையனார் இவற்றை அறியார். நாம் ஒட்டுப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று, "அப்பா அந்த வீட்டுக்கு ஒரு விருந்தாளி தம்பி. அதுதான் எனக்கு அதை விக்கிறதிலை ஒண்டும் இல்லை" என்றார்.

அவருக்குப் பதினொரு வயதில் நெருப்புக்காய்ச்சல் கண்டது. ஒரு வெள்ளி இரவு உயிர் தங்குமோ என்ற நிலை. தாயார் புட்டு அவித்து வைத்துவிட்டுப் படலையையே பார்த்திருந்தார். தந்தையார் அன்றும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. அடுத்த வாரந்தான் வந்தார். பிள்ளை பிழைத்துக்கொண்டான், ஆனால் மறக்கவில்லை. அறுபது வருடம் அதைச் சுமந்திருந்தார் என்பதை அன்றைக்கே நாம் அறிந்தோம்.

குறிகட்டுவானில் சைக்கிள்களைப் படகின் மேற்றட்டில் ஏற்றினார்கள். ஏறக்குறைய ஒரு மணிநேரப் பயணம். கடல் நன்றாக ஆட்டியது. இந்தக் கடலிலேதான் 15-5-1985 அன்று, நெடுந்தீவிலிருந்து வந்துகொண்டிருந்த குமுதினிப் படகை மறித்து, குழந்தைகள் உட்பட இருபதுக்கு மேற்பட்ட பயணிகளை வெட்டிக் கொன்றார்கள். படகில் ஒரு மூதாட்டி அவ்விடம் வந்ததும் கைகூப்பினார். நாமும் கூப்பினோம்.

நெடுந்தீவு சைக்கிளுக்கென்றே படைத்த ஊர். சாந்தின்றி அடுக்கிய முருகைக்கல் வேலிகளுக்கிடையே ஒழுங்கைகள் வளைந்து செல்லும். வெளிகளிலே மட்டக் குதிரைகள் மேயும். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வளர்த்துவிட்டுப்போன இனத்தின் வழிவந்தவை அவை. பெருக்கமரத்தின் அடியிலுள்ள பொந்துக்குள் தமையனார் சிறுபிள்ளை போலப் புகுந்து நின்றார். வெடியரசன் கோட்டை என்னும் கற்குவியலையும் பார்த்தோம். இவற்றை விரித்தெழுத இடமில்லை. அன்றியும் எம் மனம் அவற்றில் இல்லை.

இரவு தங்கிய வீட்டார் எம் தந்தையாரின் பெயரைக் கேட்டதும் அயலிலிருந்து ஒரு முதியவரை அழைத்துவந்தார்கள். தமையனாரின் வயதிருக்கும், ஓடாவி வேலை செய்தவர். "வாத்தியாற்றை பிள்ளையளோ?" என்று எம் கைகளைப் பற்றிக்கொண்டார். சோளகம் முற்றி லோஞ்சு ஓடாத சனிக்கிழமைகளில் வாத்தியார் அவரைக் கூப்பிட்டுக் கணக்குச் சொல்லிக்கொடுப்பாராம். "கடல் குழம்பினால் எனக்குக் கணக்கு" என்று சிரித்தார்.

பின்பு அவராகவே சொன்னார்: "ஒருக்கால் மூத்த பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டு தந்தி வந்தது. லோஞ்சு இல்லை. விடிய ஒருக்கால், மத்தியானம் ஒருக்கால், பொழுதுபட ஒருக்கால் துறைக்குப் போனார். பாய்வள்ளக்காரரைக் கெஞ்சினார், அந்தக் காத்துக்கு ஒருத்தரும் துணியேல்லை. அண்டைக்கு நான் சிலேட்டோடை போனன். சுவர்ப்பக்கம் திரும்பி இருந்தார். கணக்குச் சொல்லித் தரேல்லை. நான் இருட்டுமட்டும் பக்கத்திலை இருந்திட்டு வந்தன்."

அந்த மூத்த பிள்ளை தம் முன்னால் இருப்பவர்தாம் என்று முதியவர் அறிந்திருந்தாரோ இல்லையோ, அவர் கேட்கவில்லை. தமையனார் எழுந்து முற்றத்துக்குப் போனார். நாம் பின்னே போகவில்லை.

மறுநாள் திரும்புகையில் சோளகம் எம் முதுகுப்புறம் நின்றது. வாணர் தாம்போதியில் மிதிக்கவே தேவையிருக்கவில்லை. தமையனார் முன்னே போய்க்கொண்டிருந்தார். வீட்டு வாசலில் இறங்கியதும், "அப்பா சைக்கிளை எங்கை விடுறவர்?" என்று கேட்டார். கிணற்றடிப் பத்தியைக் காட்டினோம். அங்கேயே நிறுத்தினார்.

திங்கட்கிழமை அவர் நொத்தாரிசிடம் போகவில்லை. வியாழக்கிழமை இருவருமாய்ப் போனோம். தெற்குப் பக்கத்து ஏழு பரப்பை விற்பதென்றும், வீடும் கிணறும் உள்ள வடபாதி இருவர் பெயரிலுமே இருப்பதென்றும் முடிவாயிற்று. எமக்குப் பிறகு ஆர் என்ற கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது.

பெறாமகன் மட்டும் எத்தனை கிலோமீற்றர் ஓடினீர்கள் என்று கேட்டு எழுதியிருந்தான். எல்லாமாக எண்பதைத் தாண்டவில்லை, சான்றிதழுக்குப் போதாது. மிகுதி நூற்றிருபதையும் அடுத்த ஆடியில் வந்து ஓடித் தருவதாகத் தமையனார் அவனுக்கு மறுமொழி அனுப்பினார்.