நாங்கள், நாம்

குடும்பத்தோடு பாய்க்கப்பலில் ஏறி வருஷக்கணக்கில் கடலிலேயே வாழ்ந்தவர்கள் எழுதிய புத்தகங்கள் ஆங்கிலத்தில் ஒரு தனி வகையாகவே இருக்கின்றன. யாரும் அவற்றை இலக்கியம் என்று சொல்வதில்லை. பாத்திரங்கள் உருளாமல் எப்படிக் கட்டிவைப்பது என்பதிலிருந்து மரணபயம் வரை எல்லாம் அவற்றில் ஒரே குரலில் சொல்லப்படுகின்றன. அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் இடையே பஸ்ஸில் போய்வருகிற ஒருவனுக்கு இவற்றில் எப்படி ருசி ஏற்பட்டது என்பது கிடக்கட்டும். எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் குரல். அது பெரும்பாலும் தகப்பனின் குரல்.

டூகல் ராபர்ட்ஸன் முன்னாள் வணிகக்கப்பல் அதிகாரி. பிறகு ஸ்டாஃபோர்ட்ஷயரில் மாடு வைத்துப் பால் கறந்து நொடித்தவர். பண்ணையை விற்று லூஸெட் என்ற பழைய மரக்கப்பலை வாங்கி, மனைவியும் நான்கு பிள்ளைகளுமாக 1971 ஜனவரியில் ஃபால்மத் துறையை விட்டுக் கிளம்பினார். மூத்த பெண் பஹாமாஸில் இறங்கிக்கொண்டாள். 1972 ஜூன் 15 அன்று, கலாபகோஸ் தீவுகளுக்கு மேற்கே, கொலைத் திமிங்கிலங்கள் மோதிக் கப்பல் சில நிமிஷங்களில் மூழ்கிவிட்டது. முதலில் ரப்பர் தெப்பம், அதுவும் நைந்தபின் ஒரு சின்னஞ்சிறு படகு. மழைநீரும் ஆமை ரத்தமும் குடித்து உயிரோடு இருந்தார்கள். 38 நாட்களுக்குப் பின் ஒரு ஜப்பானிய மீன்பிடிக் கப்பல் அவர்களைக் கண்டெடுத்தது. அடுத்த வருஷமே புத்தகம் வந்துவிட்டது. அசாதாரணமான புத்தகம்தான். மிகையில்லை, புலம்பல் இல்லை.

ஆனால் இந்த யாத்திரைக்கு விதை எங்கே என்று அவர் சொல்கிற இடத்தில் நான் நின்றுவிடுகிறேன். வீட்டில் சின்னப் பையன் பேச்சுவாக்கில், நாமும் உலகத்தைச் சுற்றினால் என்ன என்று கேட்டானாம். பையன் கேட்டான், தகப்பன் பண்ணையை விற்றார். அவர் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. இந்த வகை எழுத்துக்கு இப்படி ஒரு வாக்கியம் தேவைப்படுகிறது என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். ஆசை ஒருவனுடையது, அது எல்லோருடையதாகவும் எழுதப்பட்டாக வேண்டும்.

மறுபக்கத்திலிருந்து ஒரு புத்தகம் வர ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று. ஸூஸன் ஹேவுட் 2023ல் வெளியிட்ட 'வேவ்வாக்கர்' அது. காப்டன் குக்கின் மூன்றாம் யாத்திரையை மறுபடி நடத்திக் காட்டுவதற்காக, அவளுடைய தகப்பனார் 1976ல் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு இங்கிலாந்தை விட்டுக் கிளம்புகிறார். அவளுக்கு வயது 7. மூன்று வருஷம் என்று ஆரம்பித்தது பத்து வருஷம் ஆகிறது. தெற்கு இந்துமகா சமுத்திரத்தில் ஒரு பேரலை கப்பலை நொறுக்குகிறது. அவளுக்கு மண்டையோட்டில் முறிவு. ஆம்ஸ்டர்டாம் என்ற பிரெஞ்சுத் தீவில் மயக்கமருந்து இல்லாமல் பலமுறை அறுவைச் சிகிச்சை. பிற்பாடு அஞ்சல்வழிப் படிப்பு, கப்பலில் சமையல். 16 வயதில் தம்பியோடு நியூஸீலாந்தில் விடப்படுகிறாள். அங்கிருந்து தானே கடிதம் எழுதி, ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய்ச் சேருகிறாள்.

இதைப் படித்த நண்பர் ஒருவர், "உலகத்தையே பார்த்திருக்கிறாள், இதில் என்ன குறை?" என்றார். அவள் கேட்டது உலகத்தை அல்ல. பள்ளிக்கூடம் கேட்டாள். அடுத்த வாரமும் அதே இடத்தில் இருக்கக்கூடிய ஒரு சிநேகிதியைக் கேட்டாள்.

இந்த இரண்டு புத்தகங்களைப் பற்றியும் எழுதலாம் என்று உட்கார்ந்து, சில பகுதிகளைத் தமிழாக்கிப் பார்த்தபோது ஒரு சிக்கல் ஸ்தூலமாக முன்னால் வந்து நின்றது. ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல்தான். தமிழில் அப்படித் தப்பிக்க முடியாது. நாம் என்றால் கேட்பவனும் உள்ளே. நாங்கள் என்றால் கேட்பவன் வெளியே. நாங்கள் தீர்மானித்துவிட்டோம், நாம் போகிறோம் - ஒரு வீட்டில் நடக்கிற முழு அநியாயத்தையும் தமிழ் இந்த இரண்டு எழுவாய்களில் பிடித்துவிடுகிறது. ஆங்கிலத் தகப்பன் இரண்டு இடத்திலும் அதே சொல்லைப் போட்டுவிட்டுப் பாயை விரித்துப் போய்விடுகிறான். மொழிபெயர்ப்பில் எது இழக்கப்படுகிறது என்றே நாம் பேசிப் பழகியிருக்கிறோம். மூலத்தில் மறைந்திருந்தது மொழிபெயர்ப்பில் அம்பலமாவதும் உண்டு.

எங்கள் வீட்டில் இந்த வாக்கியம் சொல்லப்பட்டது 2003ல். "நாங்க பேசி முடிச்சிட்டோம், நாம பெரம்பலூர் போயிடலாம்" என்றார் அப்பா. அந்த 'நாங்க'வில் இருந்தவர்கள் அப்பாவும் நிலத் தரகரும். அம்மா அதில் இல்லை. அப்பாயி இல்லவே இல்லை. இரண்டரை ஏக்கர் மானாவாரி. கீழே சுண்ணாம்புக்கல். சுற்றியிருந்தவர்கள் விற்றாகிவிட்டது. கடலைச் செடியின் இலையில் சாம்பல்நிறத் தூசி. விற்காமல் என்ன செய்திருப்பார் என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. ராபர்ட்ஸனுக்கு இருந்த சுதந்திரத்தில் பத்தில் ஒரு பங்குகூட அவருக்கு இருந்ததில்லை. ஆனாலும் வாக்கியம் அதேதான். (நாங்கள் போனபோது அரியலூரும் பெரம்பலூரும் ஒரே மாவட்டம். 2001ல் பிரித்து, 2002ல் சேர்த்து, 2007ல் மறுபடி பிரித்தார்கள். ஊரிலேயே இருந்துவிட்டவர்களும் இரண்டு மூன்று மாவட்டங்களில் வாழ்ந்திருக்கிறார்கள்.)

இந்தச் சீமையில் கடல் இருந்தது என்பது தெரிந்த சங்கதி. காரையின் ஓடைப் பள்ளங்களில் அம்மோனைட்டுகள், கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் அடுக்கடுக்காய்ச் சிப்பிகள், 1940ல் எம்.எஸ். கிருஷ்ணன் சாத்தனூரில் கண்டு சொன்ன 18 மீட்டர் கல்மரம். நம் கவிஞர்களுக்கு இது போதும். காலடியில் அலை கேட்கிறது என்று எழுதிவிடுவார்கள். எனக்குக் கேட்டதில்லை. கேட்பது டிப்பர் லாரி. 10 கோடி வருஷத்துக் கடல் இங்கே 50 கிலோ மூட்டைகளாக விற்பனையாகிறது. அந்த விற்பனையில் எங்கள் இரண்டரை ஏக்கரும் சேர்த்தி. இதற்குமேல் படிமம் எதுவும் வேண்டியதில்லை.

தமிழனின் கடலோடிப் பெருமையை இங்கே யாராவது எடுத்துவருவார்கள். வரட்டும். ஜெயங்கொண்டம் பக்கத்தில் கங்கைகொண்ட சோழபுரத்தைக் கட்டிய ராஜேந்திரன், 1025 வாக்கில் கடாரத்துக்குக் கப்பல்களை அனுப்பினான். மெய்க்கீர்த்தியில் பண்ணை, மலையூர், இலங்காசோகம், நக்கவாரம் என்று பிடித்த ஊர்களெல்லாம் வரிசையாக வருகின்றன. பாய் இழுத்தவன் ஒருவன் பெயரும் வருவதில்லை. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணியை ராபின்ஸன் என்ற அமெரிக்கர் வாங்கித் தம் மனைவியின் பெயரை அதற்கு வைத்தார். அதை 1938 ஆகஸ்டில் மாஸசூஸெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகம் வரை ஓட்டிச் சென்றவர்கள் அவ்வூர் மாலுமிகள். எனக்கு இந்தக் கதையில் பெரிய மதிப்பு உண்டு. அது வேலை. கூலி பேசி, சம்மதித்துப் போனவர்களின் யாத்திரை. உறங்கிக்கொண்டிருக்கிற குழந்தையைத் தூக்கிக் கப்பலில் போடுவதோடு அதைச் சேர்க்க முடியாது.

ஸூஸன் ஹேவுட்டின் புத்தகத்தில் கோபம் குறைவு, தேதிகள் அதிகம். அதுதான் அதன் பலம். தகப்பனின் நாங்கள் கலைந்து, பக்கத்துக்குப் பக்கம் ஒரு நான் தனியாகப் பிரிந்து வருவது தெரிகிறது. நம்மிடம் இப்படி ஒரு சுயசரிதை இல்லை என்று எனக்குப் படுகிறது. தகப்பன்களைத் திட்டி எழுதியவை உண்டு. தகப்பனின் பன்மையை விசாரித்தவை இல்லை. எழுதக்கூடியவர்கள் எழுதாமலே போய்விடுகிறார்கள்.

பெரம்பலூரில் நாங்கள் குடிபோனது துறையூர் சாலைப் பக்கம் ஒரு ஓட்டுவீடு. அப்பா முன்கட்டில் ஒரு மல்லிக்கொடி வைத்தார். அப்பாயி அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் எங்களோடு இருந்தது. மல்லிக்குத் தண்ணீர் ஊற்றும், மாவரைக்கும், என் தலையில் எண்ணெய் வைக்கும். கடைசிவரை "நம்ம வீடு" என்று அதன் வாயில் வரவில்லை. சமையல்கட்டில் நின்று அம்மாவிடம் கேட்கும்: "ஏம்மா, உங்க வீட்டுல உப்ப எங்க வச்சிருக்கீங்க?"