ஒரே தேதியில் இரண்டு தீர்மானம்

செல்லிப்பட்டிலிருந்து என்னிடம் வருபவை பெரும்பாலும் வரப்புத் தகராறும் பாகப்பிரிவினையும்தான். கூடைப்பந்துக்காக வக்காலத்து போட்டது ஒரே ஒரு வழக்கில். அந்த ஊர் விளையாட்டுச் சங்கத்துக்காக, அதாவது பிரதிவாதி தரப்பில் ஆஜரானேன்.

1860ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி பதிவான சங்கம் அது. அணியில் இரண்டு நெட்டைப் பையன்கள். ஒருவன் செல்லிப்பட்டு, இன்னொருவன் சங்கராபரணி ஆற்றைத் தாண்டி பிள்ளையார்குப்பம். இருவருமே சென்டர். வளையத்தடியில் பந்து தன் கைக்கு வந்தாக வேண்டும், வந்தால் திரும்பப் போகாது. கேப்டன் யார் என்பதில் ஊரே இரண்டுபட்டது.

தீர்மானப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். நீல மையில் ஒரு தீர்மானம்: செல்லிப்பட்டுப் பையன் கேப்டன். அடுத்த பக்கத்தில் அதே தேதி, கறுப்பு மை: மற்றவன் கேப்டன். இரண்டிலும் கையெழுத்துப் போட்டவர்கள் ஏழு பேர்!

பிள்ளையார்குப்பம் பையன்தான் வாதி. தானே கேப்டன் என்று விளம்புகையும், மற்றவன் தலைமையில் அணி போகக் கூடாதென்று உறுத்துக்கட்டளையும் கேட்டிருந்தான். யாரை ஆட வைப்பது என்பதில் கோர்ட் பொதுவாகத் தலையிடாது. ஆனால் சங்கத்தின் பைலாவை மீறித் தேர்தல் நடந்திருந்தால் கேட்கலாம். வாதியின் வக்கீல், ‘ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்க முடியாது’ என்று வாதாடினார். இடைக்காலத் தடைக்கு அது போதாது. முதல்நோக்கில் வழக்கு இருக்கிறதா, தடை தந்தால், தராவிட்டால் யாருக்குச் சங்கடம் அதிகம், ஈடுகட்ட முடியாத இழப்பு உண்டா என்ற மூன்றுக்கும் பதில் வேண்டும். நீதிபதி, உரிமையியல் நடைமுறைச் சட்டம் 89ஆம் பிரிவின்படி சமரசத்துக்கு அனுப்பினார்.

சமரச மேசையில் அணியின் பயிற்சியாளர் ஒரு தாளில் ஆடுகளத்தை வரைந்தார். “வளையத்தடிக் கட்டம் 4.9 மீட்டர் அகலம் சார். நம்ம பந்து ஆடும்போது அதுக்குள்ள மூணு செகண்டுக்கு மேல நின்னா தப்பு. ரெண்டு பேரும் அங்கயே நின்னா எதிராளிக்குக் காவல் சுலபம், மத்த ஆளுங்க உள்ளே ஓடி வர வழியில்ல. ஒருத்தன் ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு வரணும்.”

வாதியின் அப்பா குறுக்கிட்டார்: “தள்ளி நின்னா எம்புள்ளைக்குப் பாயின்ட் எப்படிங்கய்யா வரும்? ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலை யார் குடுப்பா?”

சிக்கலின் வேர் அப்போதுதான் தெரிந்தது. மத்திய அரசு வேலைக்கான விளையாட்டுச் சான்றிதழ்ப் படிவத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். எந்தப் போட்டி, யார் சார்பில் ஆடினார், தனி நபரோ அணியோ பெற்ற இடம் என்ன என்பவற்றுக்குத்தான் அதில் இடம் உண்டு. எத்தனை பாயின்ட் போட்டார் என்பதற்குக் கட்டமே இல்லை. அவர் இரண்டு முறை படித்துவிட்டு மகனிடம் நீட்டினார்.

பையன்களுக்குப் பயிற்சியாளர் வேறு கணக்கைச் சொன்னார். அமெரிக்காவில் சான் அன்டோனியோ அணியின் டேவிட் ராபின்சன் 1994இல் ஒரே ஆட்டத்தில் 71 புள்ளி எடுத்தவர். 1997இல் டிம் டங்கன் வந்து சேர்ந்தார். 1999இல் அந்த அணி முதல் கோப்பையை வென்ற பருவத்தில் ராபின்சனின் சராசரி 15.8, டங்கனுடையது 21.7. மூத்தவர் கணக்கு இறங்கியது, கோப்பை வந்தது. 2003இல் இன்னொன்றும் வந்தது. நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. 2014இல் வூஹானில் நடந்த ஆசியக் கோப்பையில் சீனாவை 65–58 என்று இந்தியா வீழ்த்தியபோது, அம்ரித்பால் சிங், அம்ஜ்யோத் சிங் என்ற இரண்டு நெட்டையர்கள் ஒரே அணியில் இருந்தார்கள். முன்னவர் வளையத்தடி ஆள், பின்னவர் வெளியிலிருந்தும் எறிவார்.

செல்லிப்பட்டுப் பையன் மட்டும் ஒன்று கேட்டான்: “சார், அப்ப நான் ராபின்சனா, டங்கனா?” பயிற்சியாளர் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தார். “முதல் பாதியில் ஒருத்தர், அடுத்த பாதியில் மத்தவர்” என்றேன். பரம்பரைப் பூசையில் பங்காளிகளுக்கு முறை வைப்பது நம் கோர்ட்டுகளுக்குப் பழக்கமான ஏற்பாடு. பிரிக்க முடியாத பாத்தியத்தை நாள் கணக்கில் அனுபவிக்க விடுவார்கள். இங்கே பாதி ஆட்டக் கணக்கு, அவ்வளவுதான்.

சமரச ஒப்பந்தத்தில் இதையே எழுதினோம். போட்டிக்குப் போட்டி கேப்டன் மாறும். பாதி ஆட்டம் முடிந்ததும் வளையத்தடியும் ஃப்ரீ த்ரோ கோடும் கை மாறும். ஒருவன் உட்கார்ந்திருந்தால் மற்றவனே சென்டர். யாரை எப்போது மாற்றுவது என்பதில் பயிற்சியாளர் சொல்லே முடிவு. இரண்டு தீர்மானமும் ரத்து. கட்டளை 23, விதி 3இன் கீழ் அது சமரசத் தீர்ப்பாணையாகப் பதிவானது.

அந்தப் பருவத்தில் அணிக்குக் கோப்பை கிடைக்கவில்லை, அரையிறுதியோடு திரும்பியது. ஆனால் செல்லிப்பட்டுப் பையன் கோட்டருகே நின்று உள்ளே தள்ளிய பாஸ்களில்தான் மற்றவன் அதிகம் பாயின்ட் போட்டானாம், பயிற்சியாளர் சொன்னார். இரண்டு பெரிய ஆட்கள் ஒரே அணியில் தேறுவார்களா என்று கேட்டால், தேறுவார்கள் என்பேன். பந்து மற்றவன் கையில் இருக்கும்போது தான் எங்கே நிற்க வேண்டும் என்பது இருவருக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதைப் போட்டி தொடங்குமுன் பேசி எழுதிவிட்டால், என்னிடம் வரவேண்டிய அவசியமே இல்லை.