கழுத்துள்ள மின்மினி

தம்பி வீட்டுக்குப் பின்னால் கம்பு பூத்திருந்த சமயம். இருட்டியதும் அவன் மகள் கையைக் குவித்துக்கொண்டு ஓடிவந்தாள். "பெரியப்பா, மின்மினி பிடிச்சிட்டேன். ஆனா மின்னவே மாட்டேங்குது!"

எட்டிப் பார்த்தேன். நீள உடல், பழுப்பு நிறம், மெத்தென்ற சிறகுறை. "பயந்திருக்கும்மா, கொஞ்ச நேரத்துல மின்னும்" என்றேன். முன்கையில் அதை ஊரவிட்டாள். விழப்போனபோது விரலால் அழுத்திப் பிடித்தாள்.

விடிந்து பார்த்தால் மணிக்கட்டுக்கு மேலே வரிசையாக மூன்று நீர்க்கொப்புளங்கள். ராத்திரி வலியே இல்லை என்றாள். அந்த நஞ்சு அப்படித்தான். பட்டவுடன் தெரியாது, சில மணி நேரம் போனபின்தான் தோல் பொங்கும். உடனே சோப்புப் போட்டுக் கழுவியிருக்க வேண்டும். நான் சொன்னதை நம்பி அப்படியே படுத்துவிட்டாள். அது இன்னும் என்னை உறுத்துகிறது.

கொல்லைக்குப் போனேன். கம்பங்கதிரில் பூந்தாது தின்றுகொண்டிருந்த ஒன்றைக் கண்ணாடிப் புட்டிக்குள் தட்டிவிட்டேன். கொப்புள வண்டுதான். மின்மினியை மேலிருந்து பார்த்தால் தலை தெரியாது. முன்மார்புத் தகடு கேடயம்போல அதை மூடியிருக்கும். இதற்கோ தலை தனியாகத் தொங்குகிறது, அதன் பின்னால் ஒடுங்கிய கழுத்து. புட்டியைத் தூக்கி அடிவயிற்றைப் பார்த்தேன். மின்மினிக்கு வால்பக்கக் கண்டங்களில் ஒளியுறுப்பு பகலிலும் வெளிறித் தெரியும். இதற்கு அது இல்லை. லென்ஸ் வைத்துப் பின்னங்கால் பாதத்தை எண்ணினேன்: நான்கு கணுக்கள். மின்மினிக்கு ஆறு காலிலும் ஐந்து. ஆனால் இருட்டில் ஒரு குழந்தைக்குக் கணு எண்ணத் தெரிய வேண்டாம், கழுத்து ஒன்று போதும்.

அழுத்தினால் இந்த வண்டின் கால் மூட்டுகளில் மஞ்சள் துளி கசியும். அது அதன் ரத்தம். கொப்புளம் எழுப்பும் கேந்தரிடின் அதில்தான் இருக்கிறது. பிரெஞ்சு வேதியியலர் பியேர் ரோபிக்கே 1810இல் 'ஸ்பானிஷ் ஈ' என்ற பச்சை வண்டிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். பெயர்தான் ஈ, அதுவும் இந்தக் குடும்பத்து வண்டே. நஞ்சைச் சுரப்பது ஆண். கூடும்போது பெண்ணுக்குக் கொடுக்கிறது. பெண் அதை முட்டைகளுக்குக் காவலாக வைக்கிறது. இதைப் படித்த நாளிலிருந்து அந்த மஞ்சள் துளியை வெறும் விஷமாக என்னால் நினைக்க முடியவில்லை, ஒரு தகப்பனின் சீதனமாகவே தோன்றுகிறது.

தம்பிக்குக் கோபம். "மருந்தடிச்சிடவாண்ணே?" என்றான். வேண்டாம் என்றேன். பூவைத் தின்று மணி பிடிக்காமல் செய்வது உண்மைதான். ஆனால் இந்தக் குடும்பத்தில் பல இனங்களின் புழுக்கள் மண்ணுக்குள் வெட்டுக்கிளி முட்டைகளைத் தின்று வளர்கின்றன. காலையில் கையுறை போட்டுக்கொண்டு கைவலையால் பிடிக்கலாம் என்று பேசி முடித்தோம்.

கொப்புளம் வற்றிக் கருந்தடமாக நின்றபோது, திண்ணை விளக்கடியில் மறுபடி ஒன்று வந்து விழுந்தது. அவள் குனிந்தாள். கை நீளவில்லை.

"பெரியப்பா, இதுக்குக் கழுத்து இருக்கு."