ஆம்பிகுவஸ், ஆம்பிவேலன்ட்: இரண்டும் ஒன்றா?



"அம்மாபேட்டைக்கு வா" என்றால் எந்த அம்மாபேட்டை? நம் சேலத்தில் ஒன்று, ஈரோடு மாவட்டத்தில் பவானி பக்கம் ஒன்று, தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒன்று. இதுதான் ஆம்பிகுவஸ். சொன்னவருக்கு எந்த ஊர் என்று தெரியும், குழப்பம் சொல்லில்தான். காளமேகப் புலவர் வேண்டுமென்றே இப்படிச் செய்தார். அதைச் சிலேடை என்று ரசிக்கிறோம்.

ஆம்பிவேலன்ட் வேறு. இதில் சொல் தெளிவாகவே இருக்கும். மனசுதான் இரண்டு பக்கமும் இழுக்கும். லத்தீனில் 'ஆம்பி' என்றால் இருபுறமும். 'வேலன்ட்' வலிமையைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. இரண்டு பக்கமும் சம பலம். 1910-ல் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் பிளாய்லர் புழக்கத்துக்குக் கொண்டுவந்த கருத்து இது.

என்னிடம் படித்த ஒருத்தி, அப்பாவின் தறி வீட்டை விற்பது பற்றி, "ஐ ஆம் ஆம்பிகுவஸ்" என்று அண்ணனுக்கு எழுதிவிட்டாள். அவன், "தெளிவாச் சொல்லு, விக்கலாமா வேண்டாமா?" என்று நாலு தரம் போன் போட்டிருக்கிறான். அவளுக்கோ, தறிச் சத்தத்தில் வளர்ந்த வீட்டை விற்கவும் மனசில்லை, கடனை நினைத்தால் வைத்திருக்கவும் வழியில்லை. அது ஆம்பிவேலன்ட்.

வார்த்தை குழப்பினால், "எந்த ஊர்?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், தீர்ந்துவிடும். மனசு இரண்டாக நிற்கிறவரைக் கேள்வி மேல் கேள்வி கேட்காதீர்கள், பிள்ளைகளே. பக்கத்தில் உட்காருங்கள். நாலு நாள் பொறுங்கள்.