எந்த லைன்?

அன்புள்ள டீச்சருக்கு,

நீங்கள் கிள்ளானில் மகள் வீட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். எந்தத் தாமான் என்று சொல்லத்தான் ஆள் கிடைக்கவில்லை. உங்களிடம் படித்தவர்கள் இந்த வட்டாரம் முழுக்க இருக்கிறோம். யார் கண்ணிலாவது இந்தக் கடிதம் பட்டால் உங்களுக்கு வாசித்துக் காட்டுவார்கள் என்ற நம்பிக்கையில் பத்திரிகை வழியாக எழுதுகிறேன்.

கித்தாத் தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. பேச்சுப் போட்டிக்கு நீங்கள் பட்டணத்துக்குக் கூட்டிப்போன மூன்று பேரில் நான் ஒருவன். மேடைக்குப் பின்னால் ஒருவர் எங்களை ஏற இறங்கப் பார்த்து, "லயத்துப் பிள்ளைகளா? கடைசியில் பேசட்டும்" என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் நீங்கள் ஒன்றும் பேசவில்லை. நான் என் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை கரும்பலகையில் நான்கே ஆங்கில எழுத்துகளை எழுதினீர்கள். லைன். "துரைமார் நம் ஆட்களுக்கு வீடுகளை ஒட்டி ஒட்டி வரிசையாகக் கட்டி லைன்ஸ் என்றார்கள். நம் பாட்டன்மார் வாயில் அது லயம் ஆனது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? இந்தச் சொல்லுக்கு வேறு என்னென்ன பொருள்? ஆளுக்கொன்று சொல்லுங்கள்" என்றீர்கள்.

ரயில் லைன் என்றான் ஒருவன். தண்டவாளம், இருப்புப்பாதை என்று எழுதினீர்கள். துணி காயப்போடும் லைன் என்றாள் ஒருத்தி. கொடி. காலையில் நாங்கள் நிற்கும் லைன், வரிசை. நோட்டுப் புத்தகத்தில் இருப்பது கோடு, அதன்மேல் எழுதினால் வரி, செய்யுளென்றால் அடி. கையில் இருந்தால் ரேகை, நாடகத்தில் பேசினால் வசனம். பலகை நிரம்பிக்கொண்டே போனது. பிறகு கேட்டீர்கள்: "பால்மரங்கள் நிற்கிற லைனுக்கு என்ன பெயர்?"

"நெரை!" என்று கத்தினேன். அம்மா தினமும் சொல்லும் சொல் அது. எத்தனை நெரை வெட்டினாள், எந்த நெரையில் பால் மங்கு கவிழ்ந்தது என்பதெல்லாம்தான் எங்கள் வீட்டுப் பேச்சு. நீங்கள் சுண்ணக்கட்டியை எடுத்து "நிரை" என்று எழுதினீர்கள். பகைவர் கவர்ந்து போகும் பசுக்கூட்டம் ஆநிரை என்றீர்கள். அசையை நேர், நிரை என்று தொல்காப்பியம் பிரித்ததைச் சொன்னீர்கள். "அந்தச் சொல்லைத்தான் உன் அம்மா விடியற்காலையில் பெரட்டுக்குப் பெயர் கொடுக்கப் போகும்போதே சொல்லிக்கொண்டு போகிறார்" என்றீர்கள். அன்று மாலை அம்மா ஒட்டுப்பால் நாற்றத்தோடு வீட்டுக்குள் வந்தபோது, முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தேன் டீச்சர். அதற்குத்தான் முதல் நன்றி.

இன்னொன்றும் செய்தீர்கள். தோட்டத்துத் தச்சரிடம் கேட்டு வாங்கி வந்த நூலில் சுண்ணக்கட்டித் தூளைத் தேய்த்து, இரண்டு பையன்களை ஆளுக்கொரு முனையைப் பிடிக்கச் சொன்னீர்கள். நடுவில் இரண்டு விரலால் தூக்கி விட்டீர்கள். பட்டென்று சிமெண்டுத் தரையில் வெள்ளைக் கோடு விழுந்தது. லைன் என்பதன் தாய் லத்தீன். ஆளிச் செடியின் நாரில் திரித்த நூலுக்கு அங்கே வழங்கிய பெயரிலிருந்து வந்தது என்றீர்கள். நம்மிடமும் நூல்தான். பஞ்சில் திரிப்பதும் நூல், மரத்தின் கோணலைத் தீர்க்கத் தச்சர் பிடிப்பதும் நூல், படிப்பதும் நூல். ஏன் அந்தப் பெயர் என்று நன்னூலில் பவணந்தியார் விளக்கியிருக்கிறார் என்றும் சொன்னீர்கள். அந்தக் கோடு இரண்டு நாள் அழியவில்லை. யாரும் அதை மிதிக்காமல் தாண்டித் தாண்டிப் போனோம்.

நான் மொழிபெயர்ப்பாளன் ஆனதற்கு அந்தக் கோடுதான் காரணம். சிதம்பரநாதன் செட்டியார் பதிப்பித்த சென்னைப் பல்கலைக்கழக ஆங்கிலம்-தமிழ் அகராதி மேசைமேல் கிடக்கிறது. ஆனாலும் அந்தச் சொல் வரும்போதெல்லாம் கை அகராதிக்குப் போகும் முன் காதில் உங்கள் குரல்: "எந்த லைன்?" ஏழ்மையை அளக்கும் லைன் என்றால் வறுமைக்கோடு. 2020-ல் நோய்த்தொற்று வந்தபோது மருத்துவமனைகளில் உயிரைக் கொடுத்து உழைத்தவர்களை இந்த நாடே ஆங்கிலத்தில் ஃபிரண்ட்லைனர் என்று லைனோடு சேர்த்துத்தான் அழைத்தது. அது போர்க்களத்து லைன் என்பதால் முன்களப் பணியாளர் என்று எழுதினேன். சொல்லுக்குச் சொல் வைக்காமல் பொருளைத் தேடச் சொல்லிக் கொடுத்தது நீங்கள்.

பின்னால் ஒரு செய்தி படித்தேன். 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்ததே, ஆர்.எச்.நாதன் முன்னின்று நடத்தியது. துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்ற கோரிக்கையைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே பட்டியலில் பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்பதும் இருந்தது. அந்தப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டவர்களும் உண்டு. லயத்து ஆட்கள் அன்று கேட்ட ஆசிரியர், நாற்பது வருடம் கழித்து எங்கள் வகுப்புக்குள் வந்து நின்றார் என்றே நினைத்துக்கொள்கிறேன்.

தோட்டம் இப்போது இல்லை. லயமிருந்த இடத்தில் அடுக்குமாடிகள். தினமும் கிள்ளானிலிருந்து கொமுட்டரில் கேஎல் சென்ட்ரல் வந்து இறங்குகிறேன். 1886-ல் கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரை போட்டு, 1890-ல் ஆற்றைத் தாண்டிக் கிள்ளானுக்குள் நுழைந்த பழைய தடத்தின் வழிதான். இறங்கினால் பிரிக்ஃபீல்ட்ஸ். 1881-ல் தீயிலும் வெள்ளத்திலும் அழிந்த கோலாலம்பூரை, மரமும் அத்தாப்புக் கூரையும் வேண்டாம், செங்கல்லால் கட்டுங்கள் என்றபோது சூளைகள் எழுந்த இடம். நூல் பிடித்து அடுக்கிய ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசைகளையும் இடித்துவிட்டார்கள்.

பார்வையற்றோர் சங்கம் இங்கே இருப்பதால், நடைபாதை நெடுகிலும் புடைத்த வரிகளோடு மஞ்சள் கற்கள் பதித்திருக்கிறார்கள். நேற்று ஒரு பெரியவர் கோலை அதன்மேல் இழுத்தபடி முன்னால் போனார். கற்கள் வளைந்த இடத்தில் அவரும் வளைந்தார். மோட்டார் சைக்கிள் ஒன்று குறுக்கே நிறுத்தியிருந்த இடத்தில் கோல் தட்டி நின்றுவிட்டார். நான் ஓடிப்போய் வண்டியை நகர்த்தினேன். கோல் மறுபடி அந்த வரிகளைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

அதற்கு என்ன சொல் வைப்பது டீச்சர்? கோடு என்றால் கண்ணுக்குத்தான் தெரிகிறது, கோலுக்குத் தெரியவில்லை. வரி என்று எழுதி அடித்தேன். தடம் என்று எழுதி வைத்திருக்கிறேன். சரியா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

என்றும் உங்கள்
லயத்து மாணவன்